பொட்டு வைத்த லாக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் லாக் சேவையை எங்களிடம் விற்றுவிட்டுப் போனவரே, நீங்கள் மறைத்தீர்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். மறைத்தீர்கள்.

ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். செக்கிங் பெண்கள் துணியைப் பார்த்து முடித்ததும் டேப்லெட்டில் 'பாஸ்' அழுத்துவார்கள். யார் நம்பரில், எந்த டேப்லெட்டில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் லாக்கில் பதியும். பேக்கிங் பக்கம் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அது சேர்ந்துகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை பஞ்சு அடைத்து ஃபேன் நின்றுவிடும். நான்தான் ஊதிவிடுவேன்.

நீங்கள் வந்தீர்கள். "இனி எல்லாம் எங்க சர்வர்ல பத்திரமா இருக்குமுங்க சார்" என்றீர்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அதெல்லாம் கவலையே படாதீங்க" என்று டீயைக் குடித்தீர்கள்.

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார் முதலாளி. ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பேக்கிங் அக்கா விடவில்லை.

"ஏனுங்க, பொட்டு வெச்சு மாலை போட்ட மிஷினுங்க. பூக்கூட வாடலீங்க."

"அது மிஷின் இல்லீங்க்கா, கம்ப்யூட்டர்."

"கரண்ட்ல ஓடுதுங்கள்ல? அப்ப மிஷின்தானுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் ஒயரைப் பிடுங்கவில்லை. லாக் இரண்டு இடத்துக்கும் போனது.

அதன்பின் அனுப்பிய சரக்கு ஒன்று கப்பலேறி, அந்த ஊரில் இறங்கி, பெட்டி திறந்து, புகார் வர இரண்டு மாதம் ஆயிற்று. துணியெல்லாம் ஓட்டை. பாஸ் ஆகியிருந்தது செக்கிங்கில் இருக்கும் கணியூர் அக்காவின் நம்பரில். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் சூப்பர்வைசர்.

"எங்கூரு கோயில் நோம்பிக்கு அன்னிக்கு மத்தியானமே போயிட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போனேன்."

"அப்ப உங்க நம்பர் மட்டும் இங்கயே உக்காந்து அழுத்துச்சுங்களா?"

அக்கா சொல்லிவிட்டுப் போனதை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் சேவையைத் திறந்தேன். பதினைந்து நாளுக்கு முந்தையது ஒன்றுமே இல்லை. போன் செய்தால், "நீங்க எடுத்த பிளான் அவ்வளவுதானுங்க சார்" என்றீர்கள்.

பொட்டு வைத்த கம்ப்யூட்டரில் இருந்தது. அன்று மூன்று மணிக்கு மேல், அக்காவின் நம்பரில், சூப்பர்வைசர் மேஜை டேப்லெட்டிலிருந்து வரிசையாகப் பாஸ். ஆள் போனாலும் லைன் நிற்கக் கூடாதென்று போனவர் நம்பரிலேயே அழுத்துவது எங்கள் கம்பெனியில் வழக்கம். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை, நான் உட்பட.

முதலாளியிடம் ஸ்கிரீனைக் காட்டினேன். அக்கா வேலையில் இருக்கட்டும் என்றார் அவர். அக்கா, "டேபிள்ல பீஸ் கெடக்குதுங்க, நான் போறனுங்க" என்று வேலைக்குத் திரும்பினார்.

இன்றும் அவர் அதே டேபிளில் இருக்கிறார். நான் பஞ்சு ஊதுகிறேன், தும்முகிறேன், டீ குடிக்கிறேன். நிம்மதியாகத்தான் இருக்கிறேன். உங்கள் சேவையையும் நிறுத்தவில்லை. என் கம்ப்யூட்டர் படுத்தால் அது உதவும்.

அடுத்த வாரம் பனியன் கம்பெனிக்காரர்கள் கூட்டத்தில் நீங்கள் பேசுகிறீர்களாம். முன்வரிசையில் இருப்பேன். மைக்கைப் பிடித்ததும், அத்தனை பேர் முன்னால் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: சரக்கு கடலில் இருக்கும்போதே அதன் லாக்கை அழித்துவிடுவோம் என்று எங்களிடம் ஏன் சொல்லவில்லை?