ஆண் மீனின் ஈரல்

மீனாட்சிபுரத்துப் பழனாத்தாள் மூன்று வருடமாக வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தது தன் குளத்து ஆண் மீன்களைத்தான். ஜிலேபி மீன் குஞ்சுகளை விற்றுப் பிழைப்பவள் அவள். குளத்தில் இப்போது குஞ்சே இல்லை.

"தின்னுபோட்டு சும்மா சுத்துதுக, சோம்பேறிக" என்பாள்.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. மேட்டில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த அண்ணன் ஈஸ்வரமூர்த்தி, ஆடி தவறாமல் தேங்காய் பழத்தோடு ஒரு டிரம்மில் புது ஆண் மீன்களும் சீராகக் கொண்டுவருவான். அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்துகொண்டவள் அவள். தங்கையைக் கடைசிவரை கைவிடமாட்டேன் என்று அண்ணன் ஊரறிய ஏற்கும் சடங்கு அது. மீன் சீர் கொண்டுவரும் அண்ணன் வேறு எவளுக்கு உண்டு என்று அவளுக்கு ஒரே பெருமை. பாவம், எத்தனை பேரிடம் சொல்லித் திரிந்தாள்!

இந்த ஆனியில், முன்பு ஒருமுறை குளத்து மீன்களைப் பிடித்துப்போய் ஆராய்ந்த கல்லூரிப் பெண் கௌசிகா மறுபடி வந்தாள்.

"அக்கா, முட்டைக்கு வேண்டிய கருச்சத்தைப் பொட்ட மீனோட ஈரல்தானுங்க செய்யும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஈரல்ல இருக்கற ஏற்பியில, பூட்டுல சாவி மாதிரி, ஒட்டுனா வேலை ஆரம்பிக்கும். ஆண் மீனுக்கும் அந்த ஏற்பி இருக்குதுங்க, சும்மா கெடக்கும். உங்க தண்ணியில ஹார்மோன் கலந்து அதை எழுப்பியுட்டிருச்சு. ஏற்பியும் பெருகிப்போச்சு. ஆணெல்லாம் கருச்சத்து செய்யுதுங்க, விந்து வத்திப்போச்சு. அதான் குஞ்சே இல்லீங்க."

"தண்ணிக்கு எப்படி அம்மிணி வந்துச்சு?"

"சினை மாட்டு மூத்திரத்துல நெறைய இருக்குதுங்க. மேட்டுப் பண்ணைக் கழிவுக் குழாய் உங்க குளத்துலதான் முடியுது. போன வருசம் வைகாசியிலயே எழுதிக் குடுத்தனே! நீங்க ஊட்டுல இல்லீன்னு உங்க அண்ணங்கிட்டக் குடுத்தனுங்க."

வைகாசியில் காகிதம் வாங்கியவன், ஆடியில் சிரித்த முகத்தோடு டிரம்மைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். பாவப்பட்ட மீன்களைத் திட்டிய வாயை என்ன செய்வது என்று பழனாத்தாளுக்குத் தெரியவில்லை.

இந்த ஆடியிலும் அவன் வந்தான். டிரம்முக்குள் மீன்கள் துள்ளின.

"இதுக எந்தத் தண்ணியில இருந்துதுங்கண்ணா?"

"நம்ம கெணத்துத் தண்ணி, அம்மிணி. சுத்தமான தண்ணி, அதான் இப்படித் துள்ளுது."

"கௌசிகா குடுத்த காயிதம் எங்கீங்க?"

அவன் முகம் செத்துப்போனது. "மாட்டுக் கொட்டாயை எங்க கொண்டுபோய் வெக்கறது? அதான் வருசா வருசம் மீன் குடுக்கறனே..."

பழனாத்தாள் டிரம்மை மூடி அவன் வண்டியிலேயே ஏற்றினாள். தேங்காய் பழத்தையும் மேலே வைத்தாள்.

"கெணத்துலயே உடுங்கண்ணா. அங்கயாச்சும் பொழைக்கட்டும்."

அண்ணன் சீரை அவள் திருப்பியது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு திருப்ப எதுவும் வரவில்லை.