முள் என்று எழுதிய சீட்டு

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை எனக்கு. அன்று வந்தவர் மங்களூரில் மீன்படகு வேலைக்குப் போய்விட்டு ஊர் திரும்பியிருந்தார். ஒல்லியான ஆள். பேச்சுக்கு நடுவே, மீன் வாடை போனதா என்பதுபோல் வலது கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். அதில் கட்டைவிரல் வீங்கியிருந்தது.

“இன்னா ஆச்சுங்க?”

“வலைலேர்ந்து எடுக்கசொல்ல மீனு கடிச்சிடுச்சுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மீனு எங்கனா கடிக்குமா? முள்ளு குத்தியிருக்கும்.”

“பாம்பாட்டம் நீட்டமா இருக்கும்ங்க. பல்லு இருக்குது.” மறுபடி கையை முகர்ந்தார்.

நான் ‘முள் குத்தல்’ என்றே எழுதினேன். காட்டு முள் குத்தி இங்கே தினம் பத்துப் பேர் வருவார்கள். சந்தை நாள் கூட்டத்தில், டாக்டர் சீட்டைப் பார்த்து வழக்கமான மாத்திரையைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை முழங்கைவரை கறுத்திருந்தது. அப்போதுதான் டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார்.

“கடல் கிருமிக்கு மருந்தே வேறய்யா. மீன் கடிச்சதுன்னு அன்னைக்கே சொல்லக் கூடாதா?”

படுத்திருந்தவர் என்னைப் பார்த்தார். “மறந்துட்டேங்க” என்றார்.

திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கை என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும்.