தெற்குச் சுவரில் இருந்த எழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் பழைய சிவன் கோயிலின் திருப்பணிக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். மின்சார ரயிலேறி ஆபீஸ் போகிறவன், இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அதற்கே தலைகால் புரியாமல் நடந்தேன்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. கருங்கல் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பழைய சுண்ணாம்பு. கம்ப்ரஸர் வைத்து மணலைப் பீய்ச்சினால் இரண்டே நாளில் புதுக் கல்லாகிவிடும் என்று யோசனை சொன்னவன் நானே. கமிட்டி கைதட்டியது.

மாசி மகத்துக்கு எங்கள் சாமி டிராக்டரில் கடற்கரைக்குப் போவார். அங்கே அவரைத் தோளில் சுமப்பது ஒரு மீனவக் குப்பத்து ஜனங்கள். அந்தக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் விற்க வரும் அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் கூடையில்லாமல் வந்து, தெற்குச் சுவரில் வெட்டியிருந்த, எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத பழங்கால எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மெஷின் வரப்போவது தெரிந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"சாமிக்குத் தோள் குடுக்கிறது எங்க ஊருன்னு இதுல எழுதிக்கீது சார். எங்க பெரியவங்க சொல்வாங்க. இத்த மட்டும் வுட்டுடு."

"அழுக்குதான்க்கா போகும். கல்லுல வெட்டின எழுத்து எங்க போகும்?" என்று சிரித்தேன்.

மெஷின் தெற்குப் பக்கம்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தபோது சுவர் வெளுத்து நின்றது. எழுத்து இருந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி நாலைந்து குழிகள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாமே, நான் கூலி கொடுத்து ஆள் வைத்துப் போட்டிருந்தேன். அங்கேயே மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு பக்கம் வெள்ளை, மூணு பக்கம் கறுப்பா? பெரிய பேஜாரா கீதே!" என்று கமிட்டித் தலைவர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கோலத்திலேயே கும்பாபிஷேகம் நடக்க வேண்டியதாயிற்று.

கும்பாபிஷேகம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். விரலால் சுவரைத் தடவிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். அழிக்கிறதுக்கு மின்னாடி, தெரிஞ்சவங்க யாரையாவது இட்டாந்து படிச்சுப் பாத்தியா? எங்க ஊரு பேரு இருந்துச்சா?"

"பார்க்கலக்கா" என்றேன்.