முத்துப்பேட்டை ஐஸ்

பாபநாசம் பார்சல் ஆபீசில் ரசீதைக் கிழிப்பதற்குள், கை சும்மா இராமல் வெள்ளைத் தாளின் மேல் நகத்தால் ஒரு கீறு கீறிவிட்டேன். அடியிலிருந்த மஞ்சள் தாளில் நீலக்கோடு விழுந்தது. கவுன்டர் பெண் முறைத்தாள். எனக்கோ, என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியம் இந்தத் தாளுக்குச் சரக்கு செய்திருந்தால் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கும் என்று தோன்றி, நின்ற இடத்திலேயே வயிறு எரிந்தது.

கார்பன் இல்லாமல் எழுத்து எப்படிப் படிகிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். மேல் தாளின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத உறைகள் ஒட்டியிருக்கும். உள்ளே நிறமில்லாத சாயம் கரைந்த எண்ணெய். பேனா அழுத்தினால் உறை உடையும். அடித்தாளில் பூசிய களிமண்ணில் பட்டதும் நீலமாகும். அந்த உறைகளை நாங்கள் முட்டை என்போம். அவற்றைச் செய்யும் சின்னக் கம்பெனியில் நானும் ஆரோக்கியமும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஜெலட்டினும் பிசினும் கரைத்த சுடுநீரில் எண்ணெயைக் கலக்கி மெல்லக் குளிரவைத்தால் ஓடு கட்டும். ஆறிப்போன ஆட்டுக்கால் சூப் வாசனை அடிக்கும். இன்றும் எனக்குச் சூப் இறங்காது.

சித்திரையில் எங்கே குளிர்வது? குழாய்த் தண்ணீரே சுடும். என் முட்டைகள் உப்புமா போலக் கட்டிதட்டின. இருவரில் ஒருவரைத்தான் ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்குவார்கள். எனக்குப் பார்த்திருந்த பெண்வீட்டார் அந்தப் பதவிக்காகக் காத்திருந்தார்கள். ஆரோக்கியத்தின் மச்சானுக்கு முத்துப்பேட்டையில் மீன் வியாபாரம். கும்பகோணம் போகும் அவர் லாரி எங்கள் வாசலில் நின்று ஐஸ் இறக்கியது. ஆரோக்கியம் பாத்திரத்தைச் சுற்றி அதைக் கொட்டினான். எங்கும் மீன் கவிச்சி. மானேஜர் சுத்த சைவம். இன்றோடு ஒழிந்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

மானேஜர் மூக்கைப் பொத்தியபடியே என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்; கட்டி பிடிப்பதில் எப்போதும் என் கண்ணைத்தான் நம்புவார். கழுத்து வலிக்கும்வரை ஒரே ஒரு கட்டியைத் தேடினேன். எல்லாம் ஒரே அளவு. பாவி.

“பரவாயில்லைங்க” என்றேன்.

பதவி அவனுக்குப் போயிற்று, அந்தச் சம்பந்தமும் தட்டிப்போயிற்று. மறுநாள் லாரியிலிருந்து எனக்கும் சேர்த்து ஐஸ் இறங்கியது. “உனக்கும் சொல்லிட்டேன்டா, இனிமே கட்டி விழாது” என்றான். பதவி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த ஐஸைத்தான் பொறுக்க முடியவில்லை.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மற்ற கடைகளில் ரசீது போனுக்கே வந்துவிடுகிறது. போன தை மாதம் ஆரோக்கியத்தையும் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உங்க கண்ணு தனக்கு இல்லையேன்னு அவருக்கு உங்கமேல அவ்வளவு பொறாமைங்க. கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அவன்?