பொய்த் தூரம்

என் மகளின் படிப்பை நிறுத்தியவள் நான்தான். அவள் அப்பா அல்லர். கணக்குப் பரீட்சையும் அல்ல. நான்! பெற்றவள்... அதிலும் ஒரு வாத்தியாரம்மா.

இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம், உங்களை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. வில்லாபுரத்தில் வாடகை வீடு. ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி, அவ்வளவுதான். என் கணவருக்கு ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை. மூத்தவள் தனலட்சுமி, எங்களுக்குத் தனம். அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். நான் வண்டியூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. விடிந்தால் ஐந்து டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்றா நினைக்கிறீர்கள்? அன்றுதான் அந்த வாரத்துக்கே ஏற்பாடு நடக்கும். புளிக்காய்ச்சல் கிண்டி ஜாடியில் அடைக்க வேண்டும். தக்காளித் தொக்கு வதக்க வேண்டும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவு... ஃப்ரிஜ் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஏது? எது வாரம் முழுக்கத் தாங்கும், எது மறுநாளே ஊசிப்போகும் என்பது எனக்கு மனப்பாடம்.

பிள்ளைகளுக்கு வெறும் சோற்றை அடைத்து அனுப்பக் கூடாது, சத்து வேண்டும் என்ற பிடிவாதம் வேறு. 'சரிவிகித உணவு' என்று பாடம் நடத்துகிறவள் அல்லவா! மதியம் என் வகுப்புப் பிள்ளைகளின் தூக்குச்சட்டிகளைத் திறந்து பார்த்து, "கீரை எங்கடா? உங்க அம்மாவை நாளைக்கு வரச் சொல்லு" என்று அதட்டிய மகராசி நான்.

சாமி படங்கள் எங்கள் அடுப்படி அலமாரியில்தான் இருந்தன. அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. ஆகையால் மாதத்தில் மூன்று நாள் அடுப்படிக்குள் என் கால் படக் கூடாது. வீட்டுக்குத் தூரம் என்பார்கள் எங்கள் பக்கத்தில். "நான் தூரம்" என்று சொல்லிவிட்டால் போதும், கூடத்து மூலையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். என் கணவர் குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இம்மி அசைய மாட்டார்.

தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்த நாட்களுக்கு எல்லாம் செய்து வைத்துவிடுவேன். அவரோ தனமோ சோற்றை மட்டும் வடித்துக் கிளறிக்கொள்வார்கள். நான் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது... அந்த மூன்று நாள் எனக்குச் சொர்க்கம்!

தனம் ஒன்பதாவது படித்த வருடம், சோழவந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே கழிந்துவிட்டது. வீடு திரும்பியபோது ஜாடிகள் காலி. மாவு இல்லை. பொடி இல்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தேன். இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

"என்ன, இன்னும் அடுப்பு பத்த வைக்கலையா?" என்றார் அவர்.

"நான் தூரம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு வசதியான பொய் அது! எந்த ஆண்பிள்ளை மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பான்?

தனம் பாயைச் சுருட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அடுப்படிக்குள் போனாள். சோறு, சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல்... ஐந்து பாக்ஸிலும் எல்லாம் வந்துவிட்டன. சாயங்காலம் அவர், "ஒங்கம்மாவையே மிஞ்சிட்டியே தாயி!" என்று மெச்சினார்.

வினை அங்கேதான் பிடித்தது. அவள் சொதப்பியிருந்தால் நான் மறுமுறை சொல்லியிருக்க மாட்டேன். மாதத்துக்கு ஒன்றாக இருந்த தூரம் இரண்டாயிற்று. சில மாதங்களில் அதற்கு மேலும்... "பாவம், ஒங்கம்மாவுக்கு ஒடம்பு கெட்டுப்போச்சு" என்று அவர் பிள்ளைகளிடம் சொல்வது என் காதில் விழும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். லேடி டாக்டரைப் பார்த்துவிட்டேன், சத்து மாத்திரை கொடுத்தார்கள் என்று அதற்கும் ஒரு பொய்!

தனம் முதல் பீரியடுக்குப் பிந்திப் போக ஆரம்பித்தாள். எல்லோருக்கும் பொரியல் வைத்தவள், தன் பாக்ஸில் தயிர்சோறும் ஊறுகாயும் கொண்டு போனாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் ஊராரின் பிள்ளைகளுடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்?

அவளுக்குப் பத்தாவது பரீட்சை வந்தது. பரீட்சை நாட்களிலாவது சொல்லக் கூடாது என்றுதான் வைராக்கியமாக இருந்தேன். ஆனால் இங்கிலீஷ் இரண்டாம் தாள் முடிந்த மறுநாள் லீவு. சரி, இன்று ஒருநாள்தானே என்று மூலையில் ஒதுங்கிவிட்டேன். தூரம் என்றால் மூன்று நாள், கணக்குப் பரீட்சை அதற்குள் வந்துவிடும் என்பது மறந்துபோயிற்று. மூன்று வரை எண்ணத் தெரியாத வாத்தியாரம்மா!

கணக்குப் பரீட்சையன்று காலையில் தனம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். சூத்திரங்களை முணுமுணுத்தபடியே பானையைச் சாய்த்தாள். மூடி நழுவிற்று. கொதிக்கும் கஞ்சி அவள் வலது கையில்...

ஐயோ!

ஒரு காலைத் தூக்கிவிட்டேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை துடிக்கிறாள். எனக்குப் பின்னால் அவர் ஓடி வருகிறார். அப்போது அவள் அலறினாள், "நீ வராதம்மா! அப்பா இருக்காரு!"

நான் நின்றேன். தூக்கிய காலை இந்தப் பக்கமே வைத்தேன்.

அவர்தான் உள்ளே போனார். பரீட்சைக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த மைப் புட்டியை எடுத்து முழுக்க அவள் கையில் ஊற்றினார். சுட்ட கைக்கு மை ஊற்றுவது அந்தக் காலத்துப் பழக்கம். கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பேனா இரவல் வாங்கிக்கொண்டு அவள் போனாள். ரிசல்ட் வந்தபோது கணக்கில் மட்டும் தேறவில்லை.

மறுபடி எழுதலாம். எத்தனையோ பிள்ளைகள் எழுதினார்கள். ஆனால் அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"எழுதுனது போதும் தாயி. ஒங்கம்மா மாசத்துல பாதி நாளு மூலையில கெடக்கா. நீயும் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது?"

கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். அதுதான் எனக்கு விழுந்த அடி.

மறுநாள் காலையில் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தனம், தலை நிமிராமல் பேசினாள்.

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"நெசமாவே தூரம்னா இந்தக் கொடியில துணி காயும். நீ பொய் சொல்ற நாள்ல காயாது. மொதத் தடவையே கண்டுபிடிச்சிட்டேன்."

நிமிர்ந்து கொடியைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நீ அம்புட்டு அசந்து போயி இருந்தம்மா. படுத்துக் கெடக்கட்டுமேன்னுதான் பேசாம இருந்தேன். இப்ப ஒண்ணே ஒண்ணு செய்யிம்மா. பொய் சொன்னேன்னு அப்பாட்டச் சொல்ல வேணாம். ஒடம்பு சரியாயிருச்சுன்னு மட்டும் சொல்லிரு. நான் எழுதிப் பாஸாயிருவேன்."

கேட்டீர்களா? குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை அவள். என் மானத்தைக் காப்பாற்றி, வழியையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்!

"சொல்றேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் மில்லிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டே தாமாகவே கேட்டார்: "ஒனக்கு இப்ப ஒடம்பு எப்பிடி இருக்கு? தேவலையா?"

தனம் அடுப்படியில் இருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது.

பயத்தினால் சொல்லவில்லை என்றுதான் இத்தனை வருடமாக என்னை நானே ஏமாற்றி வந்திருக்கிறேன். எதற்குப் பயம்? பயப்பட அங்கே ஒன்றுமே இல்லையே! நாளையிலிருந்து இருட்டோடு எழ வேண்டும்... ஐந்து பாக்ஸ்... ஞாயிற்றுக்கிழமை தோறும் புளி, தக்காளி, மாவு... என் கண்முன் வந்தது அதுதான். என் மகளின் முகம் வரவில்லை.

"இல்லங்க... அப்பிடியேதான் இருக்கு" என்றேன்.

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் என்னிடம் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட பிறகும் பேசவில்லை. பண்டிகைக்கு வருகிறாள், சிரிக்கிறாள், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறாள். ஒருமுறையாவது திட்டித் தொலைக்கக் கூடாதா என்று இருக்கிறது எனக்கு.

அப்படிச் சொன்ன மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது என் டிபன் பாக்ஸை மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். கஞ்சி கொட்டித் தழும்பு விழுந்த கை. வாங்கிக்கொண்டேன். மத்தியானம் வகுப்பில் திறந்தபோது கீரை மசியல், பருப்பு, ஒரு முட்டை, எல்லாம் அதனதன் அளவில் இருந்தன. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசித்தது. ஒரு பருக்கை மீதம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.