நினைத்தால் நகரும் என்றார்கள்

போன சனிக்கிழமை காலை வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். கையில் ஒரு ஈமெயிலின் பிரின்ட் அவுட். ஏழே வரி. அதை என் தம்பிக்குப் படித்துக் காட்ட வேண்டும் – அவ்வளவுதான் வேலை. பள்ளிகொண்டா வருவதற்குள் அந்தக் காகிதத்தை நாலு முறை பிரித்து நாலு முறை மடித்துவிட்டேன்.

ஏழு வரிக்காகவா நேரில் போக வேண்டும், போனில் சொன்னால் போதாதா? என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். போனில் சொன்னால், சொல்லி முடித்த கையோடு போனை வைத்துவிடலாம். அந்த வசதி எனக்கு இருக்கக் கூடாது என்று தோன்றியது.

தம்பி என்றால் சித்தி மகன். செல்வின் என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

செல்வினுக்கு முப்பத்து நாலு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனராக இருந்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு ஷூவின் போட்டோ வரும். அதற்கு எத்தனை தோல் துண்டு வேண்டும், எந்தத் துண்டு எப்படி வளைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பான். அவன் மவுஸைப் பிடித்து ஒரு கோடு இழுப்பதைப் பார்த்தால், அந்தக் கோடு அங்கே ஏற்கெனவே இருந்தது போலவும் இவன் தூசி தட்டுவது போலவும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக ரஃபீக்கின் பிரவுசிங் சென்டருக்குப் போவான். ரஃபீக் அவனுடைய ஸ்கூல் தோஸ்த். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவார்கள். இல்லாத காருக்காகக் கல்யாணமான இரண்டு ஆம்பிளைகள் சண்டை போடுவதைச் செல்வினின் மனைவி எஸ்தர் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். எஸ்தர் நர்ஸ்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவனுடைய பைக் சறுக்கியது. கழுத்தில் அடி. பிழைத்துக்கொண்டான். பேசுவான், தலையைத் திருப்புவான், சாப்பிடுவான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அசையவும் போவதில்லை என்று டாக்டர்கள் ஆறே மாதத்தில் சொல்லிவிட்டார்கள்.

ரஃபீக் விடவில்லை. ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ரஃபீக் கார் ஓட்டுவான், செல்வின் படுத்தபடியே வழி சொல்வான். "லெஃப்ட்ல ஒடிடா... பிரேக் போடு..." சில மாதங்கள் அப்படிப் போனது. ஒருநாள் செல்வின் அமைதியாகச் சொன்னான் – "நிறுத்திடுடா. நீ ஓட்டறத பாத்தா பேஜாரா இருக்குது." ரஃபீக் நிறுத்திவிட்டான். கம்ப்யூட்டர் மட்டும் அங்கேயே இருந்தது, மேலே ஒரு துணி போர்த்தி.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இதே பக்கத்தில் ஒருமுறை, வரப்போகிற விஞ்ஞான அதிசயங்கள் என்று குஷியாக எழுதியிருந்தேன். அதில் ஒன்று, கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்த கருவி. ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது மூளையில் ஓடும் மின்துடிப்புகளைப் படிக்கும். திரையில் ஒரு பெட்டி இருக்கும். தள்ள வேண்டும் என்று நினைத்தால் போதும், பெட்டி நகரும். கை வேண்டாம். 'அடுத்த வருஷம் கடைக்கு வந்துவிடும்' என்றும் எழுதினேன். யாரைக் கேட்டு எழுதினேன்? அந்தக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துத்தான்.

இதை எழுதும்போது எனக்குச் செல்வின் ஞாபகமே வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

ரஃபீக்தான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். மறுநாள் போன். "அக்கா, நீங்க எழுதனது நெஜம்தான? செல்வின் கேக்கறான். கைய அசைக்கவே வாணாமா?"

நிஜம்தான் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

வெளிநாட்டில் இருக்கும் ரஃபீக்கின் அண்ணன் முன்பதிவு செய்தார். லெட்டர் எழுதுகிற ஆள் நான்தானே என்று கம்பெனிக்கு என்னுடைய ஈமெயில் முகவரியைக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடும் என்று பதில் வந்தது.

கம்ப்யூட்டர் மேலிருந்த துணி போயிற்று. செல்வின் பயிற்சியே எடுக்க ஆரம்பித்துவிட்டான். எதிரே ஸ்டூலில் ஒரு டம்ளரை வைக்கச் சொல்வான். அதையே உற்றுப் பார்த்து, தள்ளுகிற மாதிரி நினைப்பான். நெற்றியில் வியர்வை வரும்வரை நினைப்பான். முதல் தடவை இதைப் பார்த்துப் பயந்துபோன எஸ்தர் எனக்குப் போன் செய்தாள். அவனைக் கேட்டால், "மெஷின் வர்றதுக்குள்ள மூளைய பழக்கணும்க்கா. மொத நாளே ரஃபீக்க ஜெயிக்கணும்" என்றான். முடி இருந்தால் சென்சார் சரியாக ஒட்டாது என்று எங்கேயோ படித்தார்கள். டிசம்பர் முதல் வாரமே சலூன்காரரை வீட்டுக்கு வரவழைத்து ஒட்ட வெட்டிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் வந்தது. கருவி வரவில்லை. மெயில் வந்தது. 'டியர் வேல்யூட் கஸ்டமர்' – தரத்தில் சமரசம் செய்யாததால் சிறு தாமதமாம். அடுத்த காலாண்டில் வருமாம். பொறுமைக்கு நன்றியாம்.

எங்கள் பொறுமையை நாங்கள் இன்னும் கொடுக்கவே இல்லை. அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்கள்.

அடுத்த காலாண்டும் வந்தது. முடி வளர்ந்து, திரும்ப வெட்டி, திரும்ப வளர்ந்தது. இரண்டாவது மெயில்... மூன்றாவது மெயில். 'டியர் வேல்யூட் கஸ்டமர்' மட்டும் மாறவே இல்லை. நான் பதில் போட்டேன். இது விளையாட்டுச் சாமான் இல்லை, என் தம்பிக்கு வேறு வழி கிடையாது என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று. ஒரு நிமிஷத்தில் யார் படித்திருப்பார்கள்?

பொறுக்காமல் ஒருநாள் காலையில் அவர்களுடைய கஸ்டமர் கேர் நம்பருக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். என் ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் கேட்டவள், குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க தமிழா?" என்றாள். அவள் உட்கார்ந்திருந்தது சென்னையில். எனக்கு ஊர்க்காரியைப் பிடித்துவிட்ட சந்தோஷம். எல்லாவற்றையும் கொட்டினேன். செல்வினைப் பற்றி, டம்ளரைப் பற்றி...

அவள் பொறுமையாகக் கேட்டாள். "மேடம், சத்தியமா சொல்றேன். எங்களுக்கே டேட் தெரியாது. ஸ்க்ரீன்ல என்ன வருதோ அத படிக்கறேன். ஸ்க்ரீன்ல இப்ப 'சூன்'னு போட்டிருக்கு."

சீக்கிரம். எல்லா மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது.

ஏழு வரி மெயில் வந்தது போன வாரம். கருவியை முதலில் ஒரே ஒரு நாட்டில் மட்டும்தான் வெளியிடப் போகிறார்கள். மற்ற நாடுகளைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பக் கேட்டிருந்த முன்பதிவுகள் ரத்து. ரஃபீக்கின் அண்ணன் இருப்பதோ வேறு நாடு, அங்கேயும் வழியில்லை. இந்த முறை தேதி இல்லை. பொறுமைக்கு நன்றி மட்டும் இருந்தது.

ஆம்பூரில் வீட்டு வாசலுக்குப் போகும் முன்பே எஸ்தர் வெளியே வந்துவிட்டாள். டூட்டி முடிந்து வந்தவள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. காகிதத்தை வாங்கி அங்கேயே நின்று படித்தாள்.

"அண்ணி, இத படிக்காதீங்க."

"பின்ன?"

"ஜூன்ல வரும்னு சொல்லிடுங்க. ஒரு தேதி இருந்தாதான் அவரு சாப்பிடறாரு. போன மெயில் வந்தப்போ நாலு நாளு கஞ்சிகூட வாணாம்னுட்டாரு. வார்டுல நான் பாக்கறேன் இல்ல... எதையாவது எதிர்பாத்துட்டு இருக்கறவங்க வேற மாதிரி இருப்பாங்க அண்ணி."

"ஜூன் வந்தா என்ன பண்றது?"

"ஜூன்ல பாத்துக்கலாம்."

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கம்பெனியிலும் முதல் தேதியை இப்படித்தானே குறித்திருப்பார்கள்? யாரோ ஒருவர் கேட்டிருப்பார், டிசம்பர் வந்தால் என்ன செய்வது என்று. யாரோ ஒருவர் சொல்லியிருப்பார், டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஒரு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இப்போது எஸ்தர் அதைச் சொல்ல என்னையே அனுப்புகிறாள்.

ஆனாலும், எஸ்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உள்ளே போனேன். செல்வின் தலையைத் திருப்பிப் பார்த்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தது.

"இன்னாக்கா, மெயில் வந்துச்சா? படிங்க."

காகிதத்தைப் பிரித்தேன். 'டியர் வேல்யூட் கஸ்டமர்' என்று தொடங்கினேன். அதுவரைக்கும் அதில் இருப்பதுதான். அதற்கப்புறம் என் சொந்தச் சரக்கு. வீ ஆர் ப்ளீஸ்ட் டு இன்ஃபார்ம் யூ... இறுதிக்கட்டச் சோதனைகள்... ஜூன் மாதம் உங்கள் கைக்கு... தங்குதடையில்லாமல் வந்தது ஆங்கிலம். அவர்களுடைய மெயில்களைப் படித்துப் படித்து அந்த நடையே எனக்குப் பழகியிருந்தது. கடைசியில் பொறுமைக்கு நன்றியும் சொன்னேன்.

"ஜூனா... சரி" என்றான் செல்வின்.

எஸ்தர் டீ போட உள்ளே போனாள். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"அவங்க மாசம் போட மாட்டாங்க. தள்ளிப் போட்டப்ப எல்லாம் காலாண்டுதான போட்டாங்க."

நான் காகிதத்தை மடித்தேன்.

"கேன்சல் பண்ணிட்டாங்களா?"

"ஆமா."

"அவதான சொல்லச் சொன்னா?"

மடித்த காகிதத்தைப் பைக்குள் வைத்தேன். அவனாகவே பேசினான்.

"மூணாவது மெயில்லயே எனக்குத் தெரியும்க்கா. நானும் கம்பெனில வேல பாத்தவன்தான. ஷிப்மென்ட் கைய விட்டுப் போச்சுன்னா, ஆர்டர் குடுத்த பையருக்கு நாங்களும் இப்டித்தான் மெயில் போடுவோம். குவாலிட்டி, குவாலிட்டின்னு. அதப் படிச்சதும் இது நமக்கு வராதுன்னு புரிஞ்சுபோச்சு. அந்த நாலு நாளுதான் கஷ்டமா இருந்துச்சு."

"அப்ப ஏன்டா மறுபடியும் முடி வெட்டிக்கிட்ட?"

"அவ வெட்டிக்கச் சொன்னா. நான் வாணாம்னா அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும் இல்ல? ஏதோ வரப்போவுதுன்னு நெனச்சுட்டு டூட்டிக்குப் போய்ட்டு வர்றா. போகட்டும்னு வுட்டுட்டேன். நீங்களும் ஜூன்னே சொல்லிடுங்க."

நான் திரும்பியபோது எஸ்தர் கதவருகே நின்றிருந்தாள். கையில் டீ தட்டு. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியாது; கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் பார்த்தான்.

"எனுக்கும் நம்பிக்க போய்டுச்சுங்க" என்றாள் எஸ்தர். "உங்களுக்காகத்தான்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அந்த விபத்து நடந்த அன்றுகூட எஸ்தர் அழுது நான் பார்த்ததில்லை. நர்ஸ் இல்லையா, ஆக வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது குனிந்து உட்கார்ந்து, சத்தம் வராமல், ரொம்ப நேரம் அழுதாள். கண்ணைத் துடைத்துவிட அவனால் முடியாது. "அழாத எஸ்தர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவனுக்காக இவளும், இவளுக்காக அவனும் காத்திருப்பது போல நடித்திருக்கிறார்கள். அப்படியானால் உண்மையிலேயே காத்திருந்தது யார்? நான் மட்டும்தான் போலிருக்கிறது. நான் எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று.

டீ ஆறிப்போயிருந்தது. எஸ்தர் எழுந்து போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்து, அவனுக்கு ஸ்பூனால் ஊட்டினாள். பாதி டம்ளர் குடித்தான். கிளம்பும்போது, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேற கம்பெனிக்காரன் யாராவது செய்வான்டா" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

செல்வின் சிரித்தான். "அக்கா, வரும்னு எழுதினீங்க இல்ல? வரலன்னும் எழுதிடுங்க. என்ன மாதிரி வேற எவனாவது மொட்ட அடிச்சிட்டு உக்காந்துனு இருக்கப் போறான்."

எழுதிவிட்டேன். அந்தக் கருவி நம் ஊருக்கு வரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. இனி கேட்டுச் சொல்வதாகவும் இல்லை.

ஜூன் மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிடும்.