வெள்ளைப்பூ வந்த பிறகும் என்னைக் கேட்டார்கள்

எல்லையம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் இடது காலை எடுக்கப் போகிறார்கள் என்பது என்னைத் தவிர என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கிருந்துதான் என் சாட்சியைத் தொடங்க வேண்டும்.

கொரோனா இரண்டாம் முறை வந்த வைகாசி. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் விசைத்தறிகள் ஊமையாய் நின்றன. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் போனில் மட்டும் இருந்தான். நான் சர்க்கரைக்காரி. கட்டைவிரல் புண் கறுத்தது. நாறியது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு ஆள் விடவில்லை. என் கணவர் ஊர் திரும்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வெள்ளைப்பூ ஒரு பொட்டலம். அம்மன் முன் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. என் கல்யாணத்துக்கு வெள்ளை. என் அம்மா வீட்டில் எனக்குச் சீராகப் போட்ட தறியை விற்றதற்கும் வெள்ளை. எடுத்த கை ஒருமுறைகூட என் கை இல்லை.

இப்போதும் பூட்டிய கோயிலின் கம்பிக்கதவு முன் பூப் போட்டுவிட்டு, அவர் போன் செய்தார். "அம்மன் உத்தரவு குடுத்துட்டா மே. புண்ணக் கழுவி உடுவாங்க. பயப்படாத."

பிறகு நர்ஸ் வந்து முழங்காலுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டாள். புண்ணோ விரலில். இது எதுக்கும்மா என்றேன். "மீ இன்ட்லோ செப்பலேதா? வீட்ல சொல்லலியா?" என்று திகைத்தவள், அவசரமாக வெளியே போய்விட்டாள்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். துணி கிழிக்கும் முன் போடும் கோடு போல இருந்தது. துணியை யார் கேட்பார்கள்? கண்ணை மூடினேன். தாயே, எனக்குத் தெரியாமல் என்மேல் கத்தி படக் கூடாது. இதை மட்டும் கொடு. அழக்கூடத் தோன்றவில்லை. நெஞ்செல்லாம் வேம்பு.

டாக்டரம்மா வந்தாள். உச்சி முதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரிந்தது. வீடியோ காலில் என் கணவரிடம் சம்மதம் வாங்க வந்தவள், என்ன நினைத்தாளோ, என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, காலு எடுக்கறோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

போனில் அவர் பதறினார். "மேடம், அதுகிட்ட சொல்லாதீங்க. பயந்துக்கும்."

"காலு யாருதுய்யா? உன்னுதா?" என்றேன்.

"அம்மனே வெள்ளப்பூ குடுத்துட்டா மே…"

"இன்னான்னு கேட்டுப் பூப் போட்ட? இவளுக்குத் தெரியாம அறுக்கலாமான்னா?"

போனைப் பார்த்து டாக்டரம்மா சொன்னாள், "தெளிவா இருக்காங்க. இவங்க சரின்னாதான் செய்வேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறும் என்றாள். செய்தால், பலவீனமான உடம்பில் இங்கேயே கொரோனா தொற்றலாம். உயிரும் போகலாம் என்றாள். வேற வழி இல்லையா என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். முகம் சுளிக்காமல் மறுபடி சொன்னாள். அழுதேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நானே என் கையெழுத்தைப் போட்டேன். வெள்ளை உடுப்பில் வந்து உட்கார்ந்தது யார் என்று நம் அம்மனை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கால் போயிற்று. உயிர் நின்றது. இன்றும் இல்லாத விரல் அரிக்கும். சொறியக் கை போகும், பாயைத் தொட்டுத் திரும்பும். கசப்பு போய்விட்டது என்று எழுதினால் அம்மன் முன் பொய்யாகும். ஆனால் அன்று நான் அவளிடம் கேட்டது காலை அல்ல. கேட்டதைக் கொடுத்தாள்.

போன ஆடியில் என் கணவருக்குக் கண்ணில் ஆபரேஷன். பூக்கட்டிப் பாக்கட்டுமாம்மா என்றான் மகன்.

"மொதல்ல உங்க நைனாவக் கேளு" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தலைகுனிந்துகொண்டார்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருப்பார்கள். அம்மனை நம்புங்கள், பூவும் கட்டுங்கள். அதற்கு முன் கட்டிலருகே போய் உட்காருங்கள். அவளும் அப்படித்தான் வந்தாள்.